சாய்ந்து நின்ற துடுப்பு

படகோட்டி ஓரக் படகை மணலில் ஏற்றிய வேகத்தில் கூடாரக் கம்புகள் இரண்டும் உருண்டு கடலுக்குப் போயின. புகைப்படக்காரன் எர்ஸாயின் எட்டிப் பிடிக்கப் பார்த்தான். கைக்குச் சிக்கவில்லை. ஏப்ரல் மாதத்துக் காஸ்பியன் முழங்காலளவு ஆழத்திலும் எலும்பைக் கடிக்கும். இறங்கித் தேட அவனுக்கு மனம் வரவில்லை.

"கேமராவா போச்சு?" என்றார் ஓரக், இயந்திரத்தை அணைக்காமலே.

"கேமரா கழுத்துல இருக்கு அண்ணே. கம்பு போச்சு. கம்பு இல்லாம மறைப்புக் கட்ட முடியாது. மறைப்பு இல்லாட்டி கடல்நாய் என் மூஞ்சியைப் பார்த்ததும் ஓடிடும்."

"உன் மூஞ்சிக்கு ஓடாட்டிதான் ஆச்சரியம்." ஓரக் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வீசினார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. தோள் மட்டும் முப்பதிலேயே நின்றுவிட்டது போலிருந்தது. "கம்புதானே? கரை நெடுக ஏதாவது ஒதுங்கிக் கிடக்கும், எடுத்துக்க. கிடக்கிறது கடல் கொடுத்தது, யாரும் கேக்க மாட்டான். நிக்கிறது மனுசன் நட்டது. அதை மட்டும் தொடாதே. இந்தத் தீவுல இருக்கிற சட்டமே அவ்வளவுதான்."

ஆறு மணி நேரப் பயணத்தில் எர்ஸாயினின் தகப்பன் வழியை ஏழு தலைமுறை வரை விசாரித்து முடித்திருந்தார். தாய் வழியைக் கேட்க இப்போதுதான் நினைவு வந்தது.

"உங்கம்மா எந்த ஆளுங்க?"

"ஆதாய் குலம்."

ஓரக் கையிலிருந்த தண்ணீர்ப் பீப்பாயைக் கீழே வைத்தார். "அட கிறுக்கா! காலையிலேருந்து யாரோ அக்தாவ் பட்டணத்தான்னு உன்னைச் சரக்கு மாதிரி ஏத்திட்டு வந்திருக்கேன். எங்க வீட்டு மருமகன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? இனிமே அண்ணன் கிண்ணன்னு கூப்பிட்டா உதைப்பேன். மாமான்னு கூப்பிடு."

"உதைங்க மாமா. மருமகனை அடிச்சா அடிச்ச கை நடுங்கும்னு அம்மா சொல்லுவாங்க."

"அது தெரிஞ்சுதான் காலால உதைப்பேன்னு சொன்னேன்." ஓரக் சிரித்தார். "மருமகன் தாய்மாமன் வீட்டுல மூணு தடவை கேக்காம எடுத்துக்கலாம். எனக்குத் தெரியும், நீ ஞாபகப்படுத்த வேணாம். என் படகையும் என் பொண்டாட்டியையும் விட்டுட்டு எதை வேணா எடுத்துக்க."

மேற்கே வானத்தின் அடிப்பகுதி பழுப்பேறிக்கொண்டிருந்தது. ஓரக் அதைப் பார்த்தார். பிறகு தெற்கே, தீவு ஒடுங்கி நாக்குப் போல் நீண்டு கிடந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளங்கைகளால் முகத்தை ஒருமுறை வழித்துக்கொண்டார். களைப்பில் செய்கிறார் என்று எர்ஸாயின் நினைத்தான்.

"பன்னிரண்டாம் நாள் வரேன். காத்து எப்படி அடிச்சாலும் வந்துடுவேன். அன்னைக்கு எனக்கும் இங்க ஒரு வேலை இருக்கு."

படகு பின்வாங்கிப் போயிற்று.

ஜிங்கில் தீவு நீளத்தில் எட்டுக் கிலோமீட்டர். அகலம் காற்றின் இஷ்டம். கல் ஒன்று கூட இல்லாத மண். மணல், சிறுசவுக்குப் புதர், சிப்பி, மறுபடி மணல். வடக்கு மேட்டில் வானிலை நிலையம். மேற்குக் கரையில் பாதி புதைந்த பழைய இரும்புப் படகு ஒன்று. நிமிர்ந்து நிற்பவை என்று சொன்னால் நிலையத்தின் கம்பமும் அந்தப் படகின் மூக்கும்தான்.

எர்ஸாயினுக்கு வேலை இரண்டு. தீவின் கரைகளைப் படமெடுக்க வேண்டும். கடல் பின்வாங்கப் பின்வாங்கத் தீவு உருமாறி வந்தது. கடல்நாய்களின் முகத்தையும் கழுத்தையும் கிட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் புள்ளிகளும் ஒவ்வொரு விதம். கைரேகை போல அவற்றை வைத்து எது எதுவென்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். முதல் வேலை எளிது. இரண்டாவதற்கு இருபது அடி நெருங்க வேண்டும். கடல்நாய்களோ முன்னூறு அடியிலேயே தலையைத் தூக்கின.

நிலையத்தில் அப்போது பல்ஸியா மட்டுமே இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் பல் வலி என்று கரைக்குப் போய் ஒரு மாதமாகிறது. "முப்பத்திரண்டு பல்லையும் ஒவ்வொண்ணா பாத்துட்டு வருவான் போல," என்றாள். மூன்று மணிக்கொரு தரம் வெளியே போய்க் காற்றையும் வெப்பத்தையும் குறித்து வயர்லெஸில் சொல்வாள். மற்ற நேரம் பாலூற்றிய தேநீர். எர்ஸாயின் நான்காவது கிண்ணத்தைக் குடித்து, போதும் என்பதற்கு அடையாளமாக அதைக் கவிழ்த்து வைத்தான்.

"அதுக்குள்ள கவுத்துட்டியா? பட்டணத்து வயிறு தம்பி உனக்கு," என்று அதை நிமிர்த்தி மறுபடி ஊற்றினாள். "எங்க ஊர்ல நிமிர்ந்த கிண்ணம் இருந்தா, இன்னும் வேணும்னு அர்த்தம்."

"நிமிர்த்தினது நீங்கதான அக்கா!"

"யாரு நிமிர்த்தினா என்ன? நிமிர்ந்திருக்குல்ல."

இரண்டு நாள் எர்ஸாயின் கம்பு தேடினான். கரையில் ஒதுங்கியிருந்தது நாணல் தட்டை, வலைத் துண்டு, உப்பேறி உளுத்துப்போன பலகை. மணலில் வயிற்றால் ஊர்ந்து போய்ப் பார்த்தான். கடல்நாய்கள் அவனை ஊரவிட்டுப் பாதித் தூரத்தில் சாவகாசமாகத் தண்ணீரில் இறங்கின. நான்காம் நாள் காலை தெற்கு நாக்கு தீவோடு சேரும் கழுத்தை அவன் கடக்கும்போது அந்தத் துடுப்பு கண்ணில் பட்டது.

தாழ்ந்த மேட்டின் அடியில் பிடி மணலில் புதைந்து, இலைப்பாகம் மேலே இருக்க, ஒரு மனிதன் தோளைச் சரித்து நிற்பதைப் போல் சாய்ந்து நின்றது. சுற்றிலும் எதுவும் இல்லை. படுத்துக் கிடக்கும் நிலத்தில் ஒரே ஒரு நிமிர்ந்த கோடு. தொழில் பழக்கத்தில் முதலில் படம்தான் எடுத்தான். இடப்பக்கம் இரும்புப் படகின் மூக்கு, வலப்பக்கம் தொலைவில் நிலையத்தின் கம்பம், நடுவில் துடுப்பு. நல்ல படம்.

பிறகு கிட்டப் போனான். இலையில் கத்தியால் கீறிய அம்புக் குறி. ஆதாய் மக்கள் ஆட்டின் காதிலும் குதிரையின் தொடையிலும் போடும் அதே அம்பு. அம்மாவின் வீட்டுப் பெட்டியிலும் அது இருந்தது. எந்தப் படகிலிருந்தோ விழுந்து, அலை கொண்டுவந்து செருகியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்ற வைத்துக்கொண்டான் என்பதே சரி. நிற்கிறதா, கிடக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பூட்ஸ் முனையை அதன் மேல் வைத்து லேசாக அழுத்தினான். துடுப்பு ஓசையின்றிச் சாய்ந்து மணலில் விழுந்தது.

"இப்பக் கிடக்குது," என்றான் சத்தமாக. தீவில் பேசிப் பழக்கமில்லாததால் தன் குரலே அவனுக்கு அடுத்தவன் குரல் மாதிரிக் கேட்டது. "தாய்மாமன் வீட்டுப் பொருள். ஒண்ணு எடுத்துக்கறேன்."

துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நாக்கின் நுனிக்கு, முக்கால் மணி நேர நடைக்கு, கொண்டு போனான். அதை நடுக்கம்பாக நட்டுத் துணியை இழுத்துக் கட்டினான். நல்ல மறைப்பு. உள்ளே குப்புறப் படுத்தால் தலைக்கு மேல் அம்புக் குறி தெரிந்தது.

மறுநாள் விடியலில் ஏழு கடல்நாய்கள் கரையேறின.

கடல்நாய் கரையில் படுக்கும் முறை ஒன்று உண்டு. அதன் பயமெல்லாம் நிலத்தின் மேல். அதனால் கடலுக்குத் தலை கொடுத்துத்தான் படுக்கும்; ஆபத்தென்றால் அப்படியே முன்னால் வழுகிவிடலாம். இவை ஏழும் ஏறி வந்து கடலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தன. ஏழு முகமும் மறைப்பைப் பார்த்திருந்தன. எர்ஸாயின் துணியின் ஓட்டை வழியாக லென்ஸை நீட்டினான். சட்டகம் நிறைய ஒரு முகம். ஈரமான பெரிய கரிய கண். அதில் வெளிச்சமும், கூடாரத்தின் சிறிய நிழலும். கழுத்தின் புள்ளிகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. பத்து வருடத் தொழிலில் இவ்வளவு கிட்டத்தில் அவன் ஒரு கடல்நாயை எடுத்ததில்லை.

அதற்கு அடுத்த நாள் பத்தொன்பது. அதற்கும் அடுத்த நாள் நாற்பதுக்கு மேல். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒன்றும் குரைக்கவில்லை, சண்டையிடவில்லை. கடல்நாய்க் கூட்டம் இருக்கும் இடத்தில் இரைச்சல் இருக்கும், நாற்றம் இருக்கும், ஒன்றையொன்று கடித்துத் தள்ளும். இங்கே மூச்சுச் சத்தம் மட்டும். நாற்பது மூக்குகள் திறந்து மூடும் சத்தம். அவன் வலப்பக்கம் நகர்ந்தால் அவற்றின் பார்வை நகரவில்லை. அப்போதுதான் கவனித்தான். அவை அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு அரை அடி மேலே, துடுப்பு நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆர்வம் உள்ள பிராணி, புதிதாக ஒன்று நின்றால் பார்க்கத்தான் செய்யும் என்று குறிப்பேட்டில் எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. கை நடுங்கியது. குளிர் என்று கையுறை போட்டான். கையுறைக்குள்ளும் நடுங்கியது. அன்று எடுத்த இருநூறு படங்களில் தெளிவானவை பதினொன்றுதான். மற்றவற்றில் முகங்கள் புகை போலக் கலைந்திருந்தன. கண்கள் மட்டும் எப்படியோ அசையாமல் விழுந்திருந்தன.

எட்டாம் நாள் காலை நிலையத்திலிருந்து பல்ஸியா சிவப்புத் துணியைக் கம்பத்தில் ஏற்றினாள். புயல் எச்சரிக்கை. எர்ஸாயின் மறைப்பைப் பிரித்துத் துணியைத் துடுப்பில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நிலையம் போய்ச் சேர்ந்து, சுவரில் சாய்த்து வைத்தான். அன்றும் மறுநாள் மதியம் வரையும் தென்கிழக்குக் காற்று அடித்தது. ஜன்னலுக்கு வெளியே தீவு முழுவதும் எழுந்து நடந்து போய்க்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, தேநீர் பூரா மேசை குடிக்குது?" என்றாள் பல்ஸியா. அவன் கிண்ணத்தை இரு கையாலும் பிடித்திருந்தான். "எந்த மருமகனை அடிச்சே நீ, கை இப்படி ஆடுது?"

"அக்கா, இங்க மருமகனே நான்தான்."

"அப்ப உன்னையே நீ அடிச்சிருக்கே."

காற்று விட்டதும் அவள் ஈரத் துணியைக் காயப்போட வெளியே போனாள். வெகு நேரம் உள்ளே வரவில்லை. எர்ஸாயின் எட்டிப் பார்த்தான். பிரித்த துணி காலடியில் கிடக்க, துடுப்பின் இலையைக் கையில் தாங்கி, தொட்டிலிலிருந்து எடுத்த பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"தெற்குக் கழுத்துல. கிடந்துச்சு."

"கிடந்துச்சா?"

எர்ஸாயின் அவள் காலடியில் கிடந்த துணியை எடுக்கக் குனிந்தான்.

"இது ஓரக்கோட தம்பி திலெவ்," என்றாள். துடுப்பைக் காட்டி, மனிதனைச் சொல்வது போலவே சொன்னாள். "பதினோரு வருசம் ஆச்சு. ரெண்டு பேரும் ஒரே படகு. படகு கவுந்தது. ஓரக் இந்த நாக்குல கரையேறினான். மூணாம் நாள் திலெவும் கரையேறினான், உசிரில்லாம. கொண்டுபோகப் படகு இல்ல. கூட நின்னு பிரார்த்தனை சொல்ல ஒரு ஆள் இல்ல. கையாலயே தோண்டி அடக்கம் பண்ணினான். தலைமாட்டுல வைக்கக் கல்லு இல்ல. மிஞ்சினது அந்த ஒரு துடுப்புதான்."

"அப்புறம் ஊருக்குக் கொண்டு போயிருக்கலாமே?"

"எந்த மண்ணு எழுதியிருக்கோ அந்த மண்ணுலதான் படுக்கணும்னுட்டான். வருசா வருசம் அந்த நாள்ல வருவான், செத்தவனுக்குன்னு ஏழு ரொட்டி பொரிச்சு எடுத்துட்டு. இன்னும் மூணு நாள்ல அந்த நாள்."

வேலை இருக்கிறது என்று ஓரக் சொன்னது எர்ஸாயினின் நினைவுக்கு வந்தது. தெற்கே பார்த்து, பிரார்த்தனையை முடிப்பவர் போல முகத்தை வழித்துக்கொண்டதும்.

"இப்பவே போய் நட்டுட்டு வந்துடறேன் அக்கா."

"எங்க நடுவே?"

அவன் வாசலைத் தாண்டிப் பார்த்தான். இரண்டு நாள் முன்பு இருந்த தீவு அங்கே இல்லை.

இருந்தும் போனான். கழுத்துப் பகுதியில் மேடு இருந்த இடம் பள்ளம். பள்ளம் இருந்த இடத்தில் கத்தி முனை போல் புது மேடு. அவன் காலடித் தடம் ஒன்றில்லை. கேமராவைத் திறந்து அன்று எடுத்த படத்தைப் பார்த்தான். இடப்பக்கம் இரும்புப் படகின் மூக்கு, வலப்பக்கம் கம்பம். இரண்டும் மணல் இல்லை, நகராதவை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி படத்தில் இருப்பது போலவே எங்கிருந்து தெரிகிறதோ, அங்கேதான் அன்று தான் நின்றிருக்க வேண்டும். படத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஓரிடத்தில் அச்சாகப் பொருந்தியது. குதிகாலால் ஒரு குழி போட்டான். சந்தேகம் தீர இன்னும் நாற்பது அடி நடந்து மறுபடி உயர்த்தினான். அங்கேயும் பொருந்தியது. இன்னும் அறுபது அடி. அங்கேயும். பொருந்திய இடங்களை எல்லாம் சேர்த்தால் மணலில் ஒரு பெரிய வளைவு ஓடியது. அந்த வளைவில் எங்கே நின்றாலும் படம், இதுதான், இதுதான் என்றது.

பத்தாம் நாள் முழுக்கத் தேடினான். பதினோராம் நாளும் தேடினான். மதிய வெயிலில் மணலுக்கு மேல் கானல் எழும்பி நாக்கின் நுனி தரையிலிருந்து கழன்று மிதந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவனுக்கு யாரோ படுத்திருப்பது போலத் தெரிந்த இடமெல்லாம் புதர். கடல்நாய் ஒன்று கூட எங்கும் இல்லை. நுனியும் காலி.

மாலை நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தான். வாங்கிய கிண்ணத்தைத் தொடவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. ஏறக்குறைய இங்கதான்னு ஒரு இடத்துல நட்டுட்டா? மணல்தானே மாறிடுச்சு. அவருக்கு எப்படித் தெரியும்?"

பல்ஸியா திட்டவில்லை. "ஒவ்வொரு வருசமும் அவன் ஒரு கிண்ணம் கொண்டு வருவான். தம்பிக்கு ஊத்தின கிண்ணம். போறப்போ அதைத் துடுப்போட அடியில கவுத்து, தோள் வரைக்கும் கையை விட்டுப் புதைச்சுட்டுப் போவான். அடுத்த வருசம் வந்ததும் முதல் வேலையா அதைத் தோண்டி எடுப்பான். எடுத்துத் தொடைச்சு வெச்சுட்டுத்தான் புதுசுல ஊத்துவான்." தன் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். "கை வெறும் மணலோட வெளிய வந்தா அவன் தம்பிக்கு மண்ணே இல்லாமப் போச்சுன்னு அர்த்தம். அந்த இடம் தெரிஞ்ச ஆளு உலகத்துல அவன் ஒருத்தன்தான். அவனுக்கும் தெரியறது அந்தத் துடுப்பை வெச்சுத்தான்."

பன்னிரண்டாம் நாள் விடியுமுன் பனிமூட்டம் இறங்கியிருந்தது. எர்ஸாயின் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு தீவின் கழுத்துப் பகுதியை நோக்கி நடந்தான். என்ன செய்யப் போகிறோம் என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்வது ஒன்றுதான் மிச்சம். கழுத்தில் கேமரா ஆடியது. கழற்றி வைக்கத் தோன்றவில்லை.

முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. அவன் நின்றான். தண்ணீர் இரண்டு பக்கமும் இருநூறு அடிக்கு அப்பால் இருந்தது. கடல்நாய் இவ்வளவு தூரம் நிலத்தில் ஏறி வராது. வயிற்றால் இழுத்துக்கொண்டு நகரும் பிராணி அது. சத்தமோ கடலிலிருந்து வரவில்லை, எதிரே மேட்டுக்கு மறுபுறமிருந்து வந்தது.

மேட்டில் ஏறினான். பனிக்குள் சாம்பல் நிறமாக அவை படுத்திருந்தன. வட்டமாக. எல்லாத் தலைகளும் உள்பக்கம். நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெற்று மணல். அங்கே நிற்பது எதுவும் இல்லை. குழி இல்லை, மேடு இல்லை. காற்று வரைந்த மெல்லிய வரிகள் மட்டும். நாற்பது ஜோடிக் கண்கள் அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தன.

துடுப்பைக் கீழே வைத்துக் கேமராவை உயர்த்தினான். கண்ணாடிக்குள் வட்டம் முழுதாக வந்தது; பனி, அந்தக் கண்கள், நடுவில் அந்த வெற்றிடம். இப்படியொரு படம் ஒருவனுக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் வரும். ஐந்து நாளாக ஆடிக்கொண்டிருந்த கை ஆடவில்லை. ஆணி அடித்தது போல் நின்றது. விரல் பொத்தானுக்குப் போயிற்று.

கை இப்போது மட்டும் ஏன் நிற்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

வெற்று மணலைப் பார்த்து, "மாமா," என்றான். மருமகன் கேட்க வேண்டியதில்லை, வழக்கம் அப்படி. இருந்தும் கேட்டான். "எடுத்துக்கட்டுமா?"

ஒன்றும் அசையவில்லை. பிறகு, யாரோ ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தது போல, எல்லாத் தலைகளும் சேர்ந்து அவன் பக்கம் திரும்பின.

எர்ஸாயின் கேமராவை இறக்கினான். பொத்தானை அழுத்தவில்லை. வாரைக் கழற்றி மேட்டிலேயே வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். இரண்டு உடல்களுக்கு நடுவே ஒரு கால் வைக்கும் இடம் இருந்தது. அவற்றின் வெதுவெதுப்பு கால்சட்டையில் பட்டது. மீன் மணந்தது. ஒன்றும் விலகவில்லை, கடிக்கவும் இல்லை. நடு மணலில் மண்டியிட்டுத் துடுப்பின் பிடியை அழுத்தினான். கையளவு போனதும் அது தானாக இறங்கி நின்றது, பழைய உறையில் கத்தி போய் உட்காருவது போல.

அவன் நிமிர்ந்தபோது அவை நகரத் தொடங்கியிருந்தன. அவசரமில்லாமல், மணலைத் தேய்த்துக்கொண்டு, பனிக்குள், கடல் பக்கமாக. மணலில் வரிவரியாகத் தடங்கள் மட்டும் மிஞ்சின. கொஞ்ச நேரத்தில் காற்று அவற்றையும் வாங்கிக்கொண்டது.

ஓரக் பகல் உணவு நேரத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு கையில் வெந்நீர்க் குடுவை, மறு கையில் துணியில் கட்டிய ரொட்டி. எண்ணெய் மணந்தது. "என்ன மருமகனே, ஆள் பாதியாயிட்டே? பல்ஸியா சோறு போடலையா?" என்று சொல்லிக்கொண்டே நடந்தவர் துடுப்பைக் கண்டதும் நின்றார். பத்தடி தள்ளி நின்று சுற்றி வந்தார்.

"அம்புக் குறி கடலைப் பார்த்துல்ல இருக்கும்," என்றார். "இப்ப நிலத்தைப் பார்க்குது. நேராவும் நிக்குது. திலெவ் நேரா நின்னதே இல்ல." திரும்பினார். "யார் தொட்டது?"

"நான்தான் மாமா. சாஞ்சு நின்னுச்சு. காலால தள்ளிட்டு, கிடக்குதுன்னு சொல்லிக்கிட்டேன். எடுத்துட்டுப் போய் மறைப்புக் கட்டினேன். அப்புறம் புயலடிச்சுது. இடம் தெரியாமப் போச்சு."

"அப்ப இது?"

"இது..." கடல்நாய்களைப் பற்றி வாயெடுத்தான். பகல் வெளிச்சத்தில் அது வாயிலிருந்து வரவில்லை. "இங்கதான்னு நினைக்கிறேன்."

ஓரக்கின் கை உயர்ந்தது. அகன்ற, கயிறு அறுத்த தழும்புகள் உள்ள கை. எர்ஸாயின் நகரவில்லை. கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அது நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"உன்னை அடிச்சா என் கைதான் நடுங்கும்," என்று சொல்லி இறக்கிக்கொண்டார். "படகோட்டிக்குக் கை வேணும்."

துடுப்பின் அடியில் மண்டியிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். தோண்டினார். முழங்கை வரை போயிற்று. தோள் வரை போயிற்று. கன்னம் மணலில் படிய, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே துழாவினார். காதுக்குப் பக்கத்தில் மணல் சரியும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எர்ஸாயினின் கை மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டான்.

ஓரக்கின் முகம் மாறியது. முதலில் நிம்மதி. அடுத்து, அது அப்படியே வழியில் நின்றுவிட்டது. கையை மெல்ல, மிக மெல்ல, வெளியே எடுத்தார்.

நீலப் பூப் போட்ட வெள்ளைக் கிண்ணம். உள்ளே மணல் இல்லை. அடியில் ஒரு மடக்கு அளவுக்குத் தெளிந்த தண்ணீர் நின்றது. அது சிந்தாமல் அவர் எடுத்திருந்தார்.

"கவுத்துத்தான் வெச்சேன்," என்றார் ஓரக். யாரிடமும் சொல்லாமல் சொன்னார். "பத்து வருசமா கவுத்துத்தான் வெக்கிறேன். பத்து வருசமா கவுந்தே இருந்துச்சு."

இருவரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று விழுந்திருந்தது. கரையோரம் தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புத் தலைகள் எழும்பின. இந்தப் பக்கம்தான் பார்த்தன.

ஓரக் வெந்நீர்க் குடுவையின் மூடியைத் திருகினார். பால் விட்ட தேநீரின் ஆவி எழுந்தது. குடுவையை எர்ஸாயினிடம் நீட்டினார்.

"இன்னும் கேக்கிறான். நீ எடுத்தே, நீயே ஊத்து."

எர்ஸாயின் வாங்கினான். கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றினான். ஒரு சொட்டும் வெளியே விழவில்லை. ஓரக் ஏழு ரொட்டிகளையும் பிய்த்து வைத்து, உள்ளங்கைகளை விரித்து, தனக்குத் தெரிந்ததை ஓதி முகத்தை வழித்தார். எர்ஸாயினும் வழித்துக்கொண்டான். பிறகு ஓரக் துடுப்பைத் திருப்பி அம்பைக் கடல் பக்கம் பார்க்க வைத்து, கொஞ்சம் சாய்த்துவிட்டார்.

புறப்படும் நேரத்தில் குழியருகே கிண்ணத்தோடு தயங்கி நின்றார். அதைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நிமிர்த்தினார்.

"மருமகனே, எப்படி வெக்கட்டும்?"

எர்ஸாயின் தண்ணீர்ப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றான்.

"அவரு கேட்டபடியே வைங்க மாமா."

ஓரக் தோள் வரை கையை விட்டுக் கிண்ணத்தை நிமிர்த்தியே வைத்தார். மணலைத் தள்ளி மூடினார். படகில் ஏறி, இயந்திரம் சூடாகி, தீவு ஒரு மஞ்சள் கோடாகச் சிறுத்த பிறகுதான் ஓரக் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு எடுத்தாச்சு. உனக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

"வேணாம் மாமா."

"நீ வேணாம்கிறே." ஓரக் சுக்கானைப் பிடித்திருந்த தன் வலக்கையைப் பார்த்தார். மருமகன் மேல் ஓங்கி, அடிக்காமல் இறக்கிய கை. அது லேசாக, இயந்திரத்தின் அதிர்வென்று சொல்லிவிடலாம் போல, நடுங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை அணைத்தார். படகு ஓய்ந்து மிதந்தது.

கையின் நடுக்கம் நிற்கவில்லை.